சேதுக்கடலும் ஜீவ தர்மமும்

ஒரு பெருங்காரியத்தைத் தொடங்குவதற்கு முன்னால், அதனால் யாருக்கு என்ன நன்மை விளையும், யாருக்கு என்ன தீங்கு நேரும், வாயற்ற ஜீவராசிகளில் எவை வாழும், எவை மடியும் என்பதையெல்லாம் அமைதியாக இருந்து எண்ணிப் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்று நம் தேசத்துச் சட்டம் 1994ஆம் ஆண்டில் விதித்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று பெயர் பெற்ற இந்தக் காரியம் நிபுணர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரிய காகித வேலை என்றே நம்மில் பெரும்பாலோர் கருதி வருகிறோம். ஆயினும், ஆழ்ந்து நோக்குவோருக்கு, அதன் அடியில் சமயங்கள் அனைத்தும் ஆதி நாள் முதல் கேட்டுவரும் ஒரு கேள்வியே கிடப்பது புலனாகும்: நான் வாழ்வதற்காக இன்னோர் உயிர் எவ்வளவு துன்பப்படலாம்? இக்கேள்வியைத் தனி மனிதனின் மனச்சாட்சிக்கு முன் வைப்பதே அரிது. ஒரு ராஜாங்கத்தின் முன் வைத்து, அது நேர்மையாக விடை சொல்லும் வரையில் விடாது கேட்டு நிற்பது அதனினும் அரிது. சேதுசமுத்திரக் கப்பற் கால்வாய்த் திட்டத்தின் சரித்திரத்தை இந்த ஒரு கேள்வியை மனத்திற் கொண்டே ஆராய விரும்புகிறேன்.

ராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையான தனுஷ்கோடியிலிருந்து இலங்கையைச் சேர்ந்த மன்னார்த் தீவு வரையில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்துக்கு, மணல் திட்டுகளும் ஆழமற்ற பார்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து கிடக்கின்றன. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இவ்விரண்டையும் பிரித்து நிற்கும் அத்தொடரைப் பக்தர்கள் ராமர் சேது என்று வணங்குகிறார்கள். கடற்படங்கள் ஆதாம் பாலம் என்று குறிக்கின்றன. ராமநாதபுரத்து மன்னர்கள் சேதுபதிகள் என்று பட்டம் பூண்டு, சேதுவையும் அதை நாடி வரும் யாத்திரிகர்களையும் காப்பதே தங்கள் குலதர்மம் என்று கொண்டார்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றி வந்து, சேதுக்கரையில் முழுகி, ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தம் என்று பெயர் பெற்ற கடலிலேயே நீராடி, ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் பித்ருக்களுக்குத் தர்ப்பணம் செய்யும் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு, கோபுர வாசலோடு ஆலயம் முடிந்துவிடுவதில்லை. இந்தக் கரையில் கடலே தீர்த்தம்.

அந்த ஆழமற்ற திட்டுகளே கப்பல்களுக்குத் தடை. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெரிய கப்பல் இலங்கைத் தீவு முழுவதையும் சுற்றிக்கொண்டுதான் போயாக வேண்டும். இத்தடையை நீக்கி நேர்வழி காண வேண்டும் என்ற ஆசை நெடுநாளையது. 1860ஆம் ஆண்டில் கமாண்டர் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஒரு யோசனையை முன்வைத்தார். சுதந்திரத்துக்குப் பின் 1955இல் சர் ஏ. ராமசாமி முதலியார் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1967இல் முதலமைச்சர் அண்ணா, இத்திட்டத்தையும் சேலம் உருக்காலையையும் வேண்டி எழுச்சி நாள் கொண்டாடச் செய்தார். முடிவில் 2005 ஜூலை 2ஆம் நாள் மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் பணியைத் தொடங்கி வைத்தபோது, 167 கிலோமீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் 12 மீட்டர் ஆழமும் உள்ள கப்பல் பாதைக்கு 2,427 கோடி ரூபாய் செலவாகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பிரயாண தூரத்தில் 424 கடல் மைல் வரையிலும், நேரத்தில் 30 மணி வரையிலும் மிச்சமாகும் என்றார்கள். வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் விட்ட தூத்துக்குடியைப் பெரிய துறைமுகமாகக் காணவும், வறண்ட தென் மாவட்டங்களின் இளைஞர்களுக்கு உத்தியோகம் கிடைக்கவும் விரும்பிய அந்த ஆசையை இழிவாகப் பேசுவது நியாயமாகாது. அதில் ஜனங்களின் க்ஷேமத்தைப் பற்றிய உண்மையான அக்கறை இருந்தது.

ஆனால் ஆசையின் தூய்மை ஒன்றே காரியத்தின் தூய்மைக்குப் பிரமாணமாகாது. சூயஸும் பனாமாவும் நிலத்தை வெட்டிக் கடலோடு கடலைச் சேர்த்தவை. சேதுக் கால்வாயோ கடலுக்குள்ளேயே கடலின் தரையைத் தோண்டிச் செய்ய வேண்டியது. இரு கரையும் கட்டப்படாத அந்தப் பள்ளத்துக்கு வேலி என்பது கிடையாது. கோடையில் கச்சானும் சோழகமும், ஐப்பசிக்குப் பின் வாடையும் கொண்டலும் வீச, மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் திசை மாறி, மணலைச் சுமந்துகொண்டு போவதும் வருவதுமாக இருக்கும் கடல் அது. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி என்ற ஊரையே, ரயிலோடும் ரயிலில் வந்தவர்களோடும், வாரிக்கொண்டு போன கடலும் அதுவே. அங்கே 8 கோடி கன மீட்டருக்கு மேல் மண்ணை எடுத்து அப்புறப்படுத்திவிட்டால் வேலை முடிந்துவிடாது. மணல் திரும்பத் திரும்ப வந்து மூடும். திரும்பத் திரும்பத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே கடலின் மேனியில் ஒருமுறை உண்டாக்கி ஆறவிடும் காயத்தைப் பற்றி அல்ல, ஆறவொட்டாமல் என்றென்றும் கீறிக்கொண்டிருக்க வேண்டிய காயத்தைப் பற்றியே அன்று தீர்மானிக்க வேண்டியிருந்தது.

அந்த மேனியில் வாழ்வது எது என்று பார்ப்போம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையேயுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற நீரையும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் மன்னார் வளைகுடாவின் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்கள் அங்கே உண்டு. பவளம் என்பது கல்லைப் போல் தோன்றும் ஜீவன். அதன் சதைக்குள்ளே நுண்ணிய பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, தாம் உண்டதுபோக மிச்சத்தை அதற்கு ஊட்டுகின்றன. மண்ணைத் தோண்டும்போது எழும் கலங்கல் ஒளியை மறைத்தால் பாசி பட்டினி கிடக்கும். அது பட்டினி கிடந்தால் பவளம் வெளுத்துச் சாகும். அருகிலே கடற்புல் தழைத்த வெளிகள். அவற்றுக்கும் ஒளியே உயிர். அப்புல்லையே மேய்ந்து, நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்கு மேல் தின்று, குட்டிக்குப் பாலூட்டி வளர்க்கும் சாதுவான கடற்பசுவை இக்கரையோர் ஆவுளியா என்பார்கள். கால்வாயின் பாதை தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியேதான் செல்லும் என்று சமாதானம் சொல்லப்பட்டது. அது உண்மையே, ஆனால் கலங்கிய நீருக்கு அரசிதழில் அறிவித்த எல்லை எது என்று தெரியாது.

அந்தக் கடலையே நம்பி வாழும் மனிதர்களையும் பார்க்க வேண்டும். ராமநாதபுரம் கடற்கரைச் சிற்றூர்களின் பெண்கள் பாசி எடுக்கப் போகும் காட்சியைக் கண்டவர்கள், உழைப்பு என்ற சொல்லின் முழுப் பொருளையும் கண்டவர்களாவார்கள். சேலைக்கு மேல் ஆணின் சட்டை ஒன்றை அணிந்து, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, பார் கிழித்துவிடாதபடி விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிக் கட்டி, இடுப்பில் வலைப்பையைச் செருகிக்கொண்டு, மூச்சை அடக்கி முழுகி, மரிக்கொழுந்து என்றும் கஞ்சிப்பாசி என்றும் தாங்கள் பெயரிட்டு அறிந்திருக்கும் பாசிகளைக் கையாலேயே பறித்து மேலே வருகிறார்கள். ஒரு நாளில் எத்தனையோ முறை இப்படி. அந்தப் பாசி எங்கோ ஓர் ஆலையில் அகர் அகராகி, மருந்திலும் பண்டத்திலும் கலந்து, அவர்கள் பெயரறியாதவர்களிடம் போய்ச் சேர்கிறது. அவர்கள் தாங்களாகவே கூடிப் பேசி, இரும்புக் கருவி கொண்டு பாரைச் சுரண்டுவதில்லை என்றும், மாதத்தில் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மேல் இறங்குவதில்லை என்றும் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். பாசி மீண்டும் தழைக்க அவகாசம் வேண்டும் என்று அவர்களுக்கு எந்தச் சாஸ்திர நூலும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. வயிற்றுக்கு இல்லாத நிலையிலும் எடுப்பதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளும் இந்த நிதானத்தை, ஈசாவாஸ்ய உபநிஷதம் எல்லாம் ஈசனால் நிறைந்தது, ஆதலால் துறந்து துய்ப்பாயாக என்று உபதேசித்த தர்மத்தின் நடைமுறை உரை என்றே நான் கருதுகிறேன்.

இவர்களுடைய நஷ்டமும், வத்தையிலும் நாட்டுப்படகிலும் வலை வீசும் ஆண்களின் நஷ்டமும் மதிப்பீட்டில் எவ்வாறு இடம்பெற்றன? நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிக்கை தந்தது. கடலோர மாவட்டங்களில் பொது விசாரணைகள் நடந்தன; மீனவர்கள் திரண்டு வந்து ஆட்சேபித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து இக்கடற்கரையின் இயல்பைப் பற்றிய நம் எண்ணங்களையே புரட்டிப் போட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட அறிக்கையை அடிப்படையாகக் கொண்டே, பேரலைக்குப் பின் ஏறத்தாழ ஆறு மாதத்தில் பணி தொடங்கியது. லாபக் கணக்கும் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இல்லை. தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகும் கப்பலுக்கு மிச்சம் பெரிதாயிருக்கலாம். ஐரோப்பாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ கொல்கத்தாவுக்குப் போகும் கப்பலுக்கோ, வளைகுடாவுக்குள் திரும்பி வந்து, கால்வாயில் வேகத்தைக் குறைத்து, வழிகாட்டும் மாலுமியை ஏற்றிக்கொண்டு, கட்டணமும் செலுத்திவிட்டுப் பார்த்தால், மிஞ்சுவது சொற்பம். 12 மீட்டர் ஆழத்துக்குள் அடங்காத பெருங்கப்பல்களுக்கு அதுவும் இல்லை. இவ்வளவு ஐயத்துக்கு இடமுள்ள லாபத்தை ரூபாயில் எழுதிவிட முடிந்தது. ஐயத்துக்கே இடமில்லாத நஷ்டத்தை எழுதுவதற்குத்தான் எண் அகப்படவில்லை.

இந்நிலையில் விவாதம் வேறொரு திசையில் திரும்பிற்று. சேதுவை ராமபிரான் கட்டினாரா, இயற்கை கட்டியதா என்பதே நாடெங்கும் பேச்சாயிற்று. 2007இல் உச்ச நீதிமன்றம் சேதுவுக்குச் சேதம் விளைவிக்கலாகாது என்று தடை விதித்தது. இதிகாச பாத்திரங்கள் இருந்தமைக்குச் சரித்திரச் சான்று இல்லை என்னும் பொருள்பட மத்திய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் கண்டனத்துக்கு உள்ளாகித் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு அமைந்த ஆர். கே. பச்சௌரி குழு, சேதுவை விலக்கித் தனுஷ்கோடிக்கருகே செல்லும் மாற்றுப் பாதையை ஆராய்ந்து, அது பொருளாதாரத்துக்கும் சூழலுக்கும் ஏற்றதன்று என்று கூறியது. 2018இல் மத்திய அரசு, தேச நலன் கருதிச் சேதுவுக்கு ஊறு நேராது பார்த்துக்கொள்வதாக நீதிமன்றத்தில் தெரிவித்தது. 2023 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் திட்டத்தை நிறைவேற்ற வேண்டுமென்று தீர்மானம் செய்தது. 800 கோடி ரூபாய்க்கு மேல் செலவான பின் காரியம் பாதியில் நிற்கிறது.

ஆஸ்திகரும் நாஸ்திகரும் இவ்வளவு கடுமையாக மாறுபட்ட அந்த விவாதத்தில், இருவரும் ஓர் அம்சத்தில் ஒன்றுபட்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. ஒரு சாரார் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே யார் கல்லை இட்டார்கள் என்று வாதித்தார்கள். மற்றொரு சாரார் யாரும் இடவில்லை என்று வாதித்தார்கள். இன்று, இந்த நிமிஷத்தில், அந்தக் கல்லின்மேல் ஒட்டி வாழும் ஜீவன் எது என்று இரு சாராரும் கேட்கவில்லை. ஒரு ஸ்தலத்தின் புனிதம் அது எவ்வாறு தோன்றியது என்பதில் மட்டும் அடங்கியிருக்குமானால், அது சரித்திர ஆராய்ச்சியாளரின் தீர்ப்புக்குக் காத்து நிற்க வேண்டிய புனிதமாகிவிடும். நம் முன்னோர் அப்படி நினைத்தவர்களல்லர். ஆலயந்தோறும் ஸ்தல விருட்சத்தை வைத்து வணங்கியவர்கள் அவர்கள். கோயில் காட்டில் கிளை ஒடிக்க அஞ்சியவர்கள். உயிர் தழைக்கும் இடத்தில் தெய்வம் நிலவுகிறது என்பதே அவர்கள் கண்ட சித்தாந்தம்.

1897ஆம் ஆண்டில் மேனாட்டு யாத்திரையை முடித்துக்கொண்டு பாம்பனில் வந்து இறங்கிய சுவாமி விவேகானந்தர், ராமேசுவரம் ஆலயத்தில் நின்று உண்மையான வழிபாடு எது என்பதைப் பற்றியே பேசினார். ஏழையிடத்திலும் எளியவனிடத்திலும் நோயாளியிடத்திலும் சிவனைக் காண்பவனே சிவனை மெய்யாக வழிபடுகிறான் என்றும், விக்ரகத்தில் மட்டும் காண்பவனுடைய வழிபாடு ஆரம்ப நிலையே என்றும் அவர் எடுத்துரைத்தார். சேதுவைக் குறித்த வினாவுக்கு விடை அன்றே அந்தச் சந்நிதியில் சொல்லப்பட்டுவிட்டது என்று நான் நம்புகிறேன். சேதுவை வணங்கும் பக்தன், விரலில் துணி கட்டி முழுகும் அந்தப் பெண்ணைக் காக்கக் கடமைப்பட்டவன். அவள் கை படும் பாரையும் பாசியையும் காக்கக் கடமைப்பட்டவன். மனிதனே தனக்குத் தெய்வம் என்று சொல்லும் பகுத்தறிவாளனும், அவளை விட்டுவிட்டு மனிதகுல அபிவிருத்தியைப் பற்றிப் பேச உரிமையற்றவன். வேறு வேறு வழியில் வந்தாலும் இவ்விருவரும் சந்திக்க வேண்டிய இடம் ஒன்றே.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். உழவனின் கொழுமுனையில் புழு மடியாமல் ஒரு பிடி அரிசி விளைவதில்லை. சாலையும் அணையும் துறைமுகமும் ஏதோ ஓர் உயிருக்கு இடையூறு செய்தே உண்டாகின்றன. ஒன்றுக்கும் ஊறு செய்யாமல்தான் வாழ்வதென்றால் மனிதன் வாழ்வதே இயலாதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குச் சிபிச் சக்கரவர்த்தியின் கதையைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை. சோழர் தங்கள் குலமுதல்வருள் ஒருவராகப் போற்றிய அம்மன்னனிடம் புறா அடைக்கலம் கேட்டபோது, துரத்தி வந்த பருந்தும் நியாயமே கேட்டது: இது என் ஆகாரம், இதை மறுத்தால் நான் பட்டினியால் சாவேன். மன்னன் பருந்தின் பசியைப் பொய் என்று தள்ளவில்லை. அதற்காகப் புறாவைக் கொடுக்கவும் இல்லை. தராசைக் கொண்டுவரச் செய்து, தன் தசையை அரிந்து வைத்தான். எடை போதாதபோது தானே தட்டில் ஏறினான். வளர்ச்சிக்கும் வாழ்வுக்கும் இடையே எடை போடும் அதிகாரத்தை ஏற்றவனிடம் தர்மம் எதிர்பார்ப்பது அதைத்தான். நம் காலத்தில் எடை போடுகிறவர்கள் ஒருவராயும், தட்டில் ஏற்றப்படுகிறவர்கள் வேறொருவராயும் இருக்கிறார்கள். கப்பல் முதலாளிக்கு எரிபொருள் மிச்சமாக, பாசி எடுக்கும் குடும்பத்துக்கு உலை இல்லாமற் போவதென்றால், அதைத் தியாகம் என்று அழைப்பது பெரும் பிழை. தன்னுடையதைத் தருவதே தியாகம், பிறனுடையதை எடுத்துத் தருவதற்கு அப்பெயர் பொருந்தாது.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். ஈடு செய்யக்கூடிய நஷ்டம் உண்டு. ஈடே இல்லாத நஷ்டமும் உண்டு. பாறையாகத் திரளும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கிறது. ஒரு பார் உருவாகப் பல தலைமுறைகள் செல்லும். 1869இல் சூயஸ் திறந்தபோது செங்கடலின் மீன்களும் சொறிமீன்களும் அவ்வழியே மத்தியதரைக் கடலுக்குள் புகுந்து, அங்கே பூர்விகமாய் வாழ்ந்தவற்றின் இடத்தைக் கைப்பற்றும் என்று அதைக் கொண்டாடியவர்கள் எண்ணவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அந்தப் படையெடுப்பு நிற்கவில்லை, நிறுத்த வழியும் இல்லை. முன்னரே அறிய முடியாதது இருக்கிறது என்ற அடக்கமும், திரும்பப் பெற முடியாததைத் தொடும்போது கை நடுங்க வேண்டும் என்ற பயமும் பேதைமையல்ல. பிறக்கப் போகும் சந்ததிக்கு நாம் பட்ட கடன் அது.

ஆகவே நீதிமன்றத் தடையால் சேது பிழைத்ததே போதும் என்று பக்தர்கள் திருப்தியடைவதற்கில்லை. முன்னாளில் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததன் பலனாகத் தீவுகள் கரைந்தன, இரண்டு முழுகியே போயின. இழுவைமடி இன்றும் கடலின் அடியைச் சுரண்டுகிறது. சூடேறும் நீரில் பவளம் வெளுக்கிறது. கால்வாய் தோண்டப்படவில்லை என்பதனால் இவை நின்றுவிடவில்லை. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக்களுக்கென்று தமிழக அரசு ஒதுக்கிக் காப்பகமாக்கியது, சேதுவைப் பற்றிய எந்த முழக்கத்தையும்விடச் சேதுக்கடலுக்குச் செய்த உயர்ந்த ஆராதனை என்பேன்.

கால்வாய் வேண்டுமா, வேண்டாமா என்ற வினா இனியும் எழும். அதை எழுப்புவது குற்றமல்ல. எழும்போது, கடலின் குணத்தைத் தலைமுறையாக அறிந்தவர்களைச் சாட்சிகளாக அழைத்து, அவர்கள் பேசும் தமிழிலேயே எல்லாவற்றையும் வைத்து, முடிவு செய்வதற்கு முன்னே அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். லாபம் பெறுகிறவன் நஷ்டத்தின் பெரும்பங்கைத் தானே தாங்கச் சம்மதிக்கிறானா என்று வினவ வேண்டும். ஈடற்ற நஷ்டம் என்று தெளிந்தால், நூறாண்டுக் கனவாயினும், ஆயிரம் கோடி செலவாயினும், வேண்டாம் என்று சொல்லும் துணிவு வேண்டும். வேண்டாம் என்ற விடைக்கு இடமே வைக்காத மதிப்பீடு எத்தனை பக்கங்கள் கொண்டதாயினும் மதிப்பீடாகாது. அது முன்னரே எழுதி முடித்த தீர்ப்புக்கு இடும் முத்திரையே. தன் ஆசைக்கு எதிராகவும் தீர்ப்புச் சொல்ல வல்ல மனச்சாட்சியைத்தான் நம் சமயங்கள் எல்லாம் மனிதனிடம் வளர்க்க முயன்றன. அத்தகைய மனச்சாட்சி ஒரு ராஜாங்கத்துக்கும் உண்டாகக் கூடும் என்று நம்புகிறேன், அது உண்டாகும்படி இடைவிடாது கேட்டுக்கொண்டிருப்பதே பிரஜைகளாகிய நம்முடைய தர்மம்.